பிங் அக்கா தேடிய எண்

சுவரோரம் சம்மணமிட்டு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டுதான் அவர் வேலை பார்ப்பார். நாற்காலி போட்டால் அதன் மேல் தன் பையை வைத்துவிடுவார். கொண்டையில் செருகிய சின்னத் திருப்புளி எப்போதும் இருக்கும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் "என்ன ரிப்பேர்?" என்று கேட்பதில்லை. "புதுசா என்ன மாத்தினீங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் குடியிருப்பில் இணையம் படுத்துக்கொண்டால் எல்லோரும் அவரைத்தான் அழைப்போம். ஒரு கருவியின் எண்ணைச் சொல்லி, "இருக்கிறாயா?" என்று கணினி வழியே கேட்கும் கட்டளைக்கு பிங் என்று பெயர். பதில் வராத எண்ணைப் பார்த்து, "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா உனக்கு?" என்று வைவார். அப்படித்தான் பிங் அக்கா ஆனார்.

போன வாரம் கீழ்வீட்டு நடத்துனர் வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். முப்பது ஆண்டுகள் பேருந்தில் குரல் கொடுத்த மனிதர் நடத்துனர். தொண்டையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சையோடு குரலும் போய்விட்டது. போகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அதற்கு முந்தைய பத்து நாளும் உட்கார்ந்து, வீட்டில் பேசும் பேச்சையெல்லாம் துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்தார். முந்நூறு துண்டுகள். அத்தனையும் அலமாரியில் இருந்த ஒரு சேமிப்புப் பெட்டியில் மட்டுமே இருந்தன. கைபேசியில் தொட்டால் வேண்டிய துண்டு ஒலிக்கும். நான்கு நாட்களாக அந்தப் பெட்டியையே காணோம் என்றது கைபேசி. பெட்டியோ பச்சை விளக்கு எரிய, கண்ணெதிரே இருந்தது. அந்த மனிதர் இரண்டாம் முறையாக ஊமையாகியிருந்தார்.

அவருடைய மைத்துனர், பெட்டியின் பின்பக்க ஓட்டைக்கு நேரே ஊக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரீசெட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி.

"சரியாகும் தம்பி. உள்ள இருக்கிற எல்லாத்தையும் மறந்துட்டு சரியாகும்," என்றார் அக்கா. ஊக்கு சட்டைப்பைக்குப் போனது.

பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். வீட்டுக் கருவிகளுக்கு இணையத்தைப் பங்கிடும் ரவுட்டரை மாற்றியதாக நடத்துனரின் மனைவி சொன்னதும் அக்காவின் முகம் வாடியது. ரவுட்டர் மாறினால் வீட்டின் எண் வரிசையே மாறிவிடலாம். கருவிகள் எண் மாறி அலைவது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாக ஓர் எண்ணைக் கொடுத்துக் கட்டிப் போட்டுவிடுவார். இந்தப் பெட்டியையும் கட்டிப் போட்டவர் அவர்தான். எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டியும் இருந்தார். தினமும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து இப்போது வெறும் சீட்டுதான் மிச்சம்.

"வீடே புதுத் தெருவுக்குக் குடி போயிடுச்சுண்ணே. இது மட்டும் நான் சொன்ன வாசல்லயே நிக்குது. என் தப்புதான்."

பழைய ரவுட்டர் இருக்கிறதா என்று கேட்டார். நல்லவேளை, இழுப்பறையில் இருந்தது. அதன் அடியில் அச்சிட்டிருந்த பழைய எண் வரிசைக்குத் தன் கணினியை மாற்றினார். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு வயரைப் பூட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வோர் எண்ணாகக் கேட்கத் தொடங்கினார். அன்று அவர் எந்த எண்ணையும் வையவில்லை.

நடத்துனர் தோள் துண்டின் நுனியை விரலில் முறுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் மனைவி சமையலறைக்குள் போய்விட்டார்.

எழுபத்தேழில் பதில் வந்தது.

பெட்டிக்குப் புது வரிசையில் எண் கொடுத்துவிட்டு, கைபேசியை நடத்துனரிடம் நீட்டினார் அக்கா. மனிதர் தேடவில்லை. முதல் துண்டையே தொட்டார். கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல் கூடமெங்கும் நிறைந்தது.

"ஏய், இங்க கொஞ்சம் வாயேன்."

"இதோ வரேங்க," என்று சமையலறையிலிருந்து வெகு சாதாரணமாகப் பதில் வந்தது. அடுத்த நொடி அங்கே ஒரு பாத்திரம் விழுந்தது.

அக்கா, சுற்றி முடித்திருந்த வயரைப் பிரித்துப் போட்டு, தலை நிமிராமல் மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.