பன்னிரண்டு தசமம் மூன்று

எங்கள் அக்கா ஓடுவாள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களும்தான் ஓடினார்கள். ஆனால் அக்கா ஓடும்போது மட்டும் பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்திலிருந்து ஆட்கள் வேலியோரம் வந்து நிற்பார்கள். அவர்களில் கெபாயா என்னும் மலாய்ச் சட்டை அணிந்த ஓர் அம்மாள், "லாஜு, லாஜு" என்று மலாயில் தனக்குள் சொல்லிக்கொள்வார். வேகம், வேகம் என்று அர்த்தம். மலாயா சுதந்திரம் பெற்று ஒரு வருடம்கூட நிறைந்திருக்காத நேரம் அது. எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதினேழு.

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு செம்மண் பாதை நேராகப் போகும். அதில் மாமா நூறு கெஜம் அளந்து இரு முனையிலும் கழி நட்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகக் கிடங்கில் வேலை, சாப்பாடும் தூக்கமும் எங்கள் வீட்டில். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றபோது மற்றவர்கள் நாற்காலியும் பீங்கானும் வாங்கி வந்தார்கள். மாமா ஒரு நிறுத்துக் கடிகாரத்தை வாங்கி வந்தார். அம்மா ஒரு வாரம் அவரிடம் சரியாகப் பேசவில்லை. மணி காட்டாத கடிகாரத்தை எந்த வீட்டிலாவது வாங்குவார்களா என்பது அவளுடைய கேள்வி.

அந்தக் கடிகாரத்தைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. மாமாவுக்குக் கிட்டப் பார்வை மங்கல். அதோடு, பள்ளியில் அந்த மாதம்தான் எங்களுக்குத் தசம எண்களை ஆரம்பித்திருந்தார்கள். முழு எண்ணுக்குப் பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்கு வலப்பக்கம் பத்தில் ஒரு பங்குகள். எனக்கு அது பாதிதான் புரிந்திருந்தது. 12.9க்கு அடுத்தது 12.10 என்று எழுதி வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருந்தேன். ஒன்பதுக்குப் பிறகு பத்து வராமல் வேறு என்ன வரும் என்று எனக்கு அவர் மேல் கோபம். அக்காதான் சொன்னாள், பத்துப் பங்கு சேர்ந்துவிட்டால் அது ஒரு முழு வினாடி, ஆகவே அடுத்தது பதின்மூன்று, 12.10 என்று எழுதினால் அது வெறும் 12.1தான் என்று.

முதல் நாள் அக்கா ஓடி முடித்ததும் மாமா பொத்தானை அழுத்திக் கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். முள் பன்னிரண்டைத் தாண்டி இரண்டு சின்னக் கோடுகளில் நின்றிருந்தது. நான் உரக்க, "பன்னிரண்டு தசமம் இரண்டு" என்றேன். மாமா கழியைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார். மூச்சு வாங்க வந்த அக்கா கடிகாரத்தை வாங்கி, அதன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல ஒரு செகண்ட அஞ்சாதான் பிரிச்சிருக்கான் மாமா. ஒரு கோடுன்னா ரெண்டு பங்கு. ரெண்டு கோடுன்னா தசமம் நாலு."

வேகமான எண்ணைக் கொடுத்தும் வேண்டாம் என்று சொல்கிறாளே என்றுதான் எனக்கு இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து சரியாகப் படித்தேன். கொல்லைக் குளியலறையின் தகரச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். புள்ளிகள் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்பது வாத்தியார் கட்டளை. 12.8, 12.6, 12.6, 12.4. மழை அழித்தால் மறுபடி எழுதுவேன்.

எழுதி எழுதித்தான் அது கண்ணில் பட்டது. புள்ளிக்குப் பிறகு ஒற்றைப்படை எண் ஒன்றுகூட வரவில்லை. அக்கா ஏன் ஒருநாள்கூடப் பன்னிரண்டரை வினாடியில் ஓடவில்லை என்று அவளிடமே கேட்டேன். வாளியில் கால் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தாள்.

"ஓடியிருப்பேன் பாப்பா. இந்தக் கடிகாரத்துக்கு அத சொல்லத் தெரியல."

நாங்கள் பார்க்காமலே, எங்கள் தோப்பில் 12.5 நடந்து முடிந்திருக்கிறது. அதற்கு நிற்க ஒரு கோடு இல்லாததால் பக்கத்துக் கோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் 12.4க்கும் 12.5க்கும் நடுவில் என்ன இருக்கும் என்று கேட்டேன். அக்கா என் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை வாங்கி 12.45 என்று எழுதினாள். அதற்கும் 12.4க்கும் நடுவில்? 12.425 என்று எழுதினாள். நான் விடவில்லை, அவளும் விடவில்லை. எண் நீண்டுகொண்டே போய்த் தகரத்தின் ஓரத்தில் இடமில்லாமல் நின்றது. இன்னும் போகுமா என்றேன். போய்க்கொண்டே இருக்கும் என்றாள். கோயிலில் கருவறைத் திரை விலகும்போது எனக்கு எப்படி இருக்குமோ, ஈரத் தரையில் நின்றபடி அப்போதும் அப்படி இருந்தது. ஒரு கண் சிமிட்டலுக்குள் முடிவே இல்லாத இடம் இருக்கிறது, அக்கா தினமும் அதன் வழியாக ஓடிப் போகிறாள்.

இந்த ஆச்சரியம் எதுவும் அப்பாவைத் தொடவில்லை. அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். அவருக்கு நேரம் என்றால் கால் மணி, அரை மணி. ஒரு நிமிடத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் அவர் நேரமாகவே எடுத்துக்கொண்டதில்லை. புக்கிட் ரம்பாயிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நல்ல இடம். பெண் ரோட்டில் ஓடுவது மட்டும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதே சமயம் கோலாலம்பூர்ப் போட்டிக்கு மலாக்காவிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கப் போவதாகப் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. முதலாவது வருகிறவள் மட்டும் போகலாம். அம்மா இரண்டு பக்கமும் பேசி ஓய்ந்தாள். கடைசியில் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"முதலா வந்தா கோலாலம்பூர் போகட்டும். இல்லன்னா இதோட நிறுத்திக்கணும்."

அக்கா சரிப்பா என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

போட்டி பண்டா ஹிலிரில், கடலோரத் திடலில். அப்பா வேலைக்கு நடுவே காக்கி உடையோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார். அக்காவோடு ஓடியவர்களில் தெங்கேராவைச் சேர்ந்த ஒரு சீனப் பெண்தான் உயரம். துப்பாக்கி வெடித்தது. அந்தக் கூட்டத்தில் எனக்கு அக்காவின் சடை மட்டும்தான் தெரிந்தது. பாதித் தூரத்துக்குப் பிறகு அவளும் அந்தச் சீனப் பெண்ணும் மட்டும் தனியே முன்னால் வந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நாடாவில் மோதினார்கள். நான் பார்த்தவரை ஒரே நேரம்தான். என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும், சத்தம் போட்டவர்கள் யார் பெயரையும் சொல்லவில்லை. மாமாவின் கடிகாரம் 12.2 என்றது. அக்கா ஜெயித்துவிட்டதாக மாமா அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நடுவர்கள் கூடிக் குனிந்து பேசினார்கள். அவர்களிடம் ஒரு வினாடியைப் பத்தாகப் பிரித்த கடிகாரங்கள் இருந்தன. பிறகு ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் சொன்னது. முதலாவது தெங்கேராப் பெண், டுவெல்வ் பாயிண்ட் டூ. இரண்டாவது அக்கா, டுவெல்வ் பாயிண்ட் த்ரீ.

நான் குதித்தேன். தசமம் மூன்று! எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்குச் சொல்லத் தெரியாத எண், இத்தனை நாள் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருந்தது, இன்று ஊர் முழுக்கக் கேட்கும்படி அக்காவின் பெயரோடு வந்துவிட்டது. அதோடு, எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாத இருவரை அந்தப் புள்ளி பிரித்துக் காட்டிவிட்டது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினேன். அக்கா புல்லில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஆமாம் பாப்பா, நல்ல எண் என்றாள். முடிச்சு அவிழவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா மாமாவிடம், அந்தப் பத்தில் ஒரு பங்கு என்றால் தூரத்தில் எவ்வளவு வரும் என்று கேட்டார். கேள்வி எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அக்கா ஒரு வினாடியில் ஏறக்குறைய எட்டுக் கெஜம் ஓடுகிறாள், பத்தால் வகுத்தால் புள்ளி ஓர் இடம் இடப்பக்கம் நகரும். "தசமம் எட்டு கெஜம்ப்பா" என்றேன்.

"ஓர் எட்டு வைக்கிற தூரம், மச்சான்" என்றார் மாமா.

அப்பா ஓடுதளத்துக்குள் போனார். முடிவுக்கோட்டைச் சுண்ணாம்பால் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் சற்றுத் தள்ளி நின்று, காக்கிக் காற்சட்டையைச் சற்றே தூக்கிக்கொண்டு, ஓர் எட்டு வைத்தார். கால் கோட்டைத் தாண்டியது. திரும்பிப் போய் மறுபடி ஒருமுறை வைத்தார். பிறகு அங்கேயே நின்று, குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா விளையாடி நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே போய் அவர் பக்கத்தில் நின்று நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு எட்டு தேவைப்பட்டது. அதைச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். கடல் பக்கமிருந்து காற்று வந்து சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிக்கொண்டிருந்தது. அன்று அவர் அடுத்த பஸ்ஸுக்குத் தாமதமாகத்தான் போனார்.

அடுத்த வாரம் அப்பா தனியாகப் புக்கிட் ரம்பாய்க்குப் போய், பெண் படிப்பை முடிக்கட்டும், ஒரு வருடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் பொறுக்கவில்லை. கைக்கு வந்த நல்ல இடம் போய்விட்டதே என்று அம்மா அழுதாள். ஓட்டத்தை நிறுத்தும் பேச்சை அப்பா மறுபடி எடுக்கவில்லை, அக்கா தோப்பில் தொடர்ந்து ஓடினாள். மறுவருடம் அக்கா கோலாலம்பூர் போனாள், அங்கே நான்காவதாக வந்தாள். ரயிலடிக்குப் போய் அவளை அழைத்து வந்தவர் அப்பாதான்.

படிப்புக்காகத்தான் அப்பா அவர்களைப் பொறுக்கச் சொன்னார் என்று நான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.