தந்தி காட்டினால் சீட்

விமானக் கம்பெனி கவுண்டரில் நிற்கிறவனுக்குக் கம்பெனி ஒரு வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் கொடுக்கும். சந்தேகத்தைப் பயணிகள் கொடுத்துவிடுவார்கள். ரேஷன் கடையில் எடை போடுகிறவர்களுக்கும், பஸ் கண்டக்டர்களுக்கும், ரயில்வே புக்கிங் கிளார்க்குகளுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நாம் என்ன பேசினாலும் எதிரே நிற்கிறவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்.

அறுபதுகளின் நடுவில் பம்பாய் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில், மெட்ராஸ் விமானத்தின் கவுண்டரில் எனக்கு வேலை. முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் தாராவியில் என் மாமாவின் தோல் கிடங்கில் தோல் எண்ணப் போக வேண்டும். மாமா எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்தே வைத்திருந்தார். அந்தக் கிடங்கின் வாடை மூன்று சோப்புப் போட்டாலும் போகாது. அந்த ஆறு மாதமும் நான் பயந்துகொண்டே சிரித்தேன்.

மெஷின்மேல் ஏறு

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். பாலக்காட்டுக்காரர், மகள் பிரசவத்துக்காக மெட்ராஸ் போகிறார். ஆளுக்கு இருபது கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். முன்பு அதையே நாற்பத்துநாலு பவுண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நாற்பத்துநாலு எப்படி இருபது ஆயிற்று, நடுவில் இருபத்துநாலை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது மாமியின் முதல் கேள்வி. பெட்டி இருபத்துமூன்று காட்டியதும், மெஷின் சரியா என்று பார்க்க என்னையே அதன்மேல் ஏறச் சொன்னார். என் எடை எனக்கே தெரியாததால் என் சாட்சி எடுபடவில்லை. பக்கத்துக் கவுண்டரில் என் சகா கல்யாணராமன். மாமி இருக்கும் தெருவில்தான் அவனும் குடியிருந்தான். அவனை இழுத்து வந்து ஏற்றினார்.

கல்யாணராமன் ஐம்பத்தெட்டு காட்டினான். போன வாரம் ரயில்வே ஸ்டேஷன் மெஷினில் அவன் அறுபது இருந்ததாக அவன் மனைவி மாமியிடம் சொல்லியிருக்கிறாள். "அப்படியானால் எங்கள் மெஷின் இரண்டு கிலோ குறைத்துத்தான் காட்டுகிறது, உங்களுக்கு லாபம்தானே மாமி" என்றேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். மாமி பெட்டியை இரண்டு கையாலும் இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"எனக்கு லாபமா காட்டறதுன்னா, வேற எங்கேயோ என்கிட்டேர்ந்து எடுக்கப்போறேள்னு அர்த்தம்."

மூன்று காரணங்கள்

விமானம் தாமதமானால் ஏன் என்று எங்களுக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கவுண்டரில் நிற்கிறவன் தெரியாது என்று சொல்லக் கூடாது என்பது உத்தரவு. ஒரு நாள் நான் என்ஜினில் சின்ன ரிப்பேர் என்றேன். அதே நேரத்தில் கல்யாணராமன் மெட்ராஸில் மழை என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி அம்மா, டில்லியிலிருந்து வரவேண்டிய விமானம் வரவில்லை என்று அறிவித்தார்.

உல்லாஸ்நகரிலிருந்து ஒரு துணி வியாபாரி மூன்றையும் நின்று கேட்டார். தாராவியில் தவணைக்குப் புடவை விற்றுத் தமிழ் கற்றுக்கொண்டவர். மெதுவாக என்னிடம் வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பாபு, ஜூட் சொல்லணுமா, பொய் சொல்லணுமா, சொல்லு. நானும் வியாபாரி, தப்பு இல்லே. ஆனா மூணு பேரும் ஒரே ஜூட் சொல்லுங்கோ."

பஞ்சு

அந்தக் காலத்தில் விமானம் கிளம்புமுன் ஒரு தட்டில் மிட்டாயும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொடுப்பார்கள். செம்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறியவர், ஏறிய ஐந்தாம் நிமிஷம் படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டார். கீழே படிக்கட்டு டூட்டியில் நான் நின்றிருந்தேன். அவர் உள்ளங்கையில் இரண்டு உருண்டை பஞ்சு. பிணத்தின் மூக்கில் வைத்துத்தான் அவர் பஞ்சைப் பார்த்திருக்கிறார். இது காதுக்கு என்று நான் எவ்வளவோ சொன்னேன். பணிப்பெண் தன் காதிலேயே வைத்துக் காட்டினாள். கடைசியில் ஏறிவிட்டார், ஆனால் ஏறுமுன் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

"எதுக்கும் இருக்கட்டும்னு முன்கூட்டியே குடுத்துடறீங்க, அப்படித்தானே?"

சொந்தங்களின் சீக்கு

விமானம் நிறைந்துவிட்டால், இடம் உறுதியாகாதவர்கள் சான்ஸ் லிஸ்டில் காத்திருப்பார்கள். யாராவது வராமல்போனால் அந்த இடம் இவர்களுக்கு. வரிசைப்படிதான் கொடுப்போம். ஆனால் வீட்டில் யாருக்காவது ஆபத்து என்று தந்தி காட்டினால் அவருக்கு முதல் இடம் என்பது எங்கள் ஸ்டேஷன் வழக்கம். இது வெளியே தெரிந்ததுதான் தாமதம், பம்பாய்த் தமிழர்களின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் படுக்கையில் விழுந்தார்கள். அம்மா சீரியஸ், உடனே புறப்படு. எல்லாத் தந்தியிலும் அதே வாசகம். ஒருவருடைய மாமனார் நான்கு மாதத்தில் மூன்று தடவை சாகக் கிடந்தார். மூன்றும் வெள்ளிக்கிழமை.

தந்தியின் தலையில் எந்த ஆபீஸில் அடித்தது என்று போட்டிருக்கும். அதைப் பார்க்கக் கல்யாணராமன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். ஒரு நாள், மெட்ராஸில் அண்ணன் சாகக் கிடக்கிறார் என்று ஒருவர் நீட்டிய தந்தி இங்கே பம்பாயில், மாட்டுங்காவில் அடித்தது. விரல் வைத்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அங்கே தந்தி ஆபீஸ்ல ஏகப்பட்ட கூட்டம் சார். அவங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே இங்கே அடிச்சுக்கிட்டேன்."

பென்சில் கடுதாசி

ஐந்தாவது மாதம் எங்கள் ஸ்டேஷன் சூப்பரின்டென்டென்ட் பாட்கர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு மொட்டைக் கடுதாசி. பென்சிலால், இங்கிலீஷில், பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மெட்ராஸ் கவுண்டரில் நிற்கும் தாராவிப் பையன் தன் ஆட்களுக்குச் சான்ஸ் சீட் விற்கிறான் என்று விஷயம். மாமாவின் ஸ்டூல் கண்ணெதிரே வந்து நின்றது. பாட்கர் கடுதாசியை மடித்து டிராயரில் வைத்துக்கொண்டு, தான் இதை நம்பவில்லை, ஆனால் கவனித்துக்கொண்டிருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. லக்கேஜ் சீட்டுகளில் ஒவ்வொருவன் எழுத்தையும் அந்தக் கடுதாசியோடு மனசில் ஒப்பிட்டுப் பார்த்தேன். சுமை தூக்குகிறவர்களைச் சந்தேகப்பட்டேன், மாட்டுங்கா மாமியைச் சந்தேகப்பட்டேன், மாமாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். மெட்ராஸ் டூட்டி எனக்கு முன்னால் கல்யாணராமனிடம் இருந்தது. அதனால் அவன்மேல்தான் எனக்குப் பலத்த சந்தேகம். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, பென்சிலை எந்தக் கையில் பிடிப்பாய் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவன் தோசையைக் கீழே வைத்தான்.

"சந்தேகப்படறதானா தாராளமாப் படுடா. என் டப்பாலேர்ந்து தோசை எடுத்துத் தின்னுண்டே படாதே."

மோசம்பிப் பை

ஞானமுத்து அண்ணாச்சி எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. தோல் பதனிடும் வேலை. எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருவார். என் தகப்பனார் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். ஒரு நாள் காலை அவர் வீட்டில் அழுகை கேட்டது. ஊரில் அவர் அம்மாவுக்கு முடியவில்லை என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தந்தி. அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் டூட்டிக்குக் கிளம்பினேன். மத்தியானம் பார்த்தால் அண்ணாச்சி என் கவுண்டர் முன்னால் நிற்கிறார். கோயிலுக்குப் போடும் சட்டை, கையில் ஒரு பை நிறைய மோசம்பி, நம் ஊர்ச் சாத்துக்குடி. ரயிலில் போனால் முகம் பார்க்க முடியாது என்று தெருவே சேர்ந்து டிக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தது. சான்ஸ் லிஸ்டில் அவர் முதல் பெயர். "தம்பி, அம்மைக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காம். எப்படியாவது ஏத்தி விட்டுரு, பாத்துக்க" என்றார்.

ஒரே ஒரு இடம்தான் காலி. லிஸ்டில் இரண்டாவதாக இருந்தவர் கோட்டு போட்டவர். மனைவி சீரியஸ் என்று அவரிடமும் ஒரு தந்தி. கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. அந்த வாரம் மெட்ராஸில் பெரிய கிரிக்கெட் மாட்ச் என்று எனக்குத் தெரியும். இரண்டு தந்தி வந்தால் முடிவு பாட்கருடையது, அதனால் அவர் வந்தார். அண்ணாச்சிமேல் தோல் வாடை. தோல் வேலை செய்கிறவனுக்கு விமான டிக்கெட் யார் வாங்கிக் கொடுத்தது என்பதில்தான் பாட்கரின் சந்தேகம் நின்றது. தங்கமும் கைக்கடிகாரமும் கடத்துகிறவர்கள் ஏழைகள் கையில் கொடுத்தனுப்பிய காலம் அது. ஒரு மோசம்பியை எடுத்து அழுத்திப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார், இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று.

தெரியும், தந்தி உண்மை, காலையில் என் காதாலேயே அழுகையைக் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். டிராயரில் இருந்த கடுதாசிதான் ஞாபகம் வந்தது. "தெரியாது சார்" என்றேன். கோட்டு போட்டவருக்கு இடம் கிடைத்தது. அண்ணாச்சிக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும், பம்பாயில் இருபது வருஷம் இருந்தவர். பாட்கர் கையிலிருந்த மோசம்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முன்பின் அறியாதவரிடம் பேசுவதுபோல் பேசினார்.

"சரிங்க சார். நான் வி.டி. ஸ்டேஷனுக்குப் போயி ரயிலு பாத்துக்கிடுதேன்."

நிரந்தரம்

அடுத்த வாரமே பாட்கர் கூப்பிட்டு உத்தரவைக் கையில் கொடுத்தார். நிரந்தரம். கூடவே டிராயரைத் திறந்து அந்தக் கடுதாசியை எடுத்து என் கண்ணெதிரே கிழித்துப் போட்டார். எழுதியது அவரேதானாம். ப்ரொபேஷனில் இருக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கடுதாசி எழுதுவது அவர் பழக்கமாம். கல்யாணராமன் காலத்தில் அவன்மேலும் ஒன்று வந்ததாம், அவன் அதை வெளியே சொல்லவேயில்லை. தோல்காரன் விஷயத்தில் நான் அசையாமல் நின்றதை மெச்சிக்கொண்டார். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது என்று சொன்னால்தான் உண்மை. வெட்கம் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. கதவருகே போனவனைப் பாட்கர் கூப்பிட்டுச் சொன்னார்:

"நீ நேர்மையானவன் என்று முதல் மாதமே தெரியும். பயப்படுவாயா என்றுதான் தெரியவேண்டியிருந்தது."

போதகர் கையெழுத்து

அண்ணாச்சி ரயிலில் மெட்ராஸ் போய், அங்கே வண்டி மாறி, ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். தெருவில் அவரைப் பார்க்காமல் இருக்க நான் சுற்றுவழியாகப் போய்வந்து கொண்டிருந்தேன். ஒரு நாள் கவுண்டரில் தலை நிமிர்ந்தால் வரிசையில் அவர் நிற்கிறார், மழித்த முகமும் அதே கோயில் சட்டையுமாக. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது.

அவர் முறை வந்ததும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்து, கசங்காமல் உள்ளங்கையால் நீவிவிட்டார். அவர் அம்மாவை அடக்கம் பண்ணியதற்கு ஊர்க் கோயிலில் கொடுத்த சீட்டு.

"வீட்ல வச்சே குடுத்திருக்கலாம் தம்பி, ஆனா உங்க தொரை கண்ணால பாக்கணும்லா. போதகர் கையெழுத்து போட்டுத் தந்திருக்காவ. நான் பொய் சொல்லலைன்னு அவருகிட்ட காட்டிரு. நாளைக்கு நம்ம ஆளு வேற யாரும் தந்தியோட வந்தா, அவனையாவது நம்பட்டும்."

நான் ஓய்வுபெற்றபோது கம்பெனி கொடுத்த சர்டிபிகேட்டில் இவர் முற்றிலும் நம்பத் தகுந்தவர் என்று எழுதியிருக்கிறது, அதை மட்டும் இதுவரை யாரும் சந்தேகப்படவில்லை.