மூட்டைக்குக் கண் திறந்தது

1. திறப்பு விழா

அன்று இருந்தவர்கள்: சட்டமன்ற உறுப்பினர், எங்கள் பக்கம் ஒய்.பி. என்பார்கள். சிலை வைத்த சங்கத்தின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கியவர். கோயில் ஐயர். லோரி ஓட்டும் ஆ செங். கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்த ஒரு பசு. மஞ்சள் துணிக்குள் சிலை. அதைச் செய்த நான். சிற்பி ஆவதற்கு முன் கப்பல் பட்டறையில் வெல்டர்.

சிலை, மூட்டை தூக்கும் ஆள். இரும்புத் தகடு. இரண்டு கால், வளைந்த முதுகு, மேலே மூட்டை. தலை கிடையாது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் எது அப்பா என்று தெரியாது. எல்லாம் மூட்டைதான் நடக்கும். அதைச் செய்தேன்.

அழைப்பிதழில் ‘ஒய்.பி. கண் திறப்பார்’ என்று போட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கோயில் சிலைக்குக் கண் திறந்ததும் கண்ணாடியும் பசுவும் காட்டுவது வழக்கம். பசு வந்தது அதற்கு.

துணியை இழுத்தார்கள். ஒய்.பி. தங்க முலாம் உளியோடு சிலையை ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்றும் வந்தார்.

“டத்தோ, கண்ணு எங்க?”

டத்தோ என் பக்கம் திரும்பினார். “அண்ணே, மூஞ்சி எங்க?”

“இல்ல டத்தோ. படம் காட்டினேனே. நல்லா இருக்குன்னீங்க.”

“மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கும்னு நெனச்சேன் லா.”

“கண்ணு இல்லாம என்னத்தத் தொறக்கிறது? மாடு வேற வெயில்ல நிக்குது” என்றார் ஐயர்.

“கண்ணுன்னா ஓட்டைதானே அண்ணே. மூட்டையில போட்டுடுங்க” என்றார் டத்தோ.

“மூட்டைக்கு ஏது கண்ணு?”

“மாடர்ன் ஆர்ட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

கண் வைத்தால் மூட்டை முகமாகிவிடும். நான் செய்தது அதோடு போச்சு. “டிரில் கொண்டு வரல” என்றேன்.

ஆ செங் நல்லவன். “லோரியில டிரில் ஆடா, பாஸ்” என்று ஓடினான். இருக்கிறதாம்.

சரி, ஒரே ஒரு ஓட்டை என்றேன். நாளைக்கு வெல்டிங் வைத்து அடைத்து, கிரைண்டர் ஓட்டினால் தெரியாது. ஒய்.பி. டிரில்லைப் பிடித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். தகடு மூன்று எம்.எம்.தான், சட்டென்று இறங்கியது. கை தட்டினார்கள். பசு சிலையைப் பார்க்கவில்லை. டத்தோவின் மாலையைத் தின்றது.

2. மறுநாள்

வெல்டிங் செட்டோடு போனேன். ஓட்டையைச் சுற்றிச் சந்தனம், குங்குமம். கீழே எலுமிச்சம்பழம். ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னா செய்யப் போறீங்க அண்ணே?”

“ஓட்டைய அடைக்கணும்.”

“தொறந்த கண்ண யாராவது அடைப்பாங்களா? உங்களுக்குப் புள்ளகுட்டி இருக்குதானே?”

செட்டைத் திரும்ப ஏற்றினேன்.

அடுத்த தேர்தலில் வேறு ஒய்.பி. அவருக்கும் கண் திறக்க ஆசை. திறந்த கண்ணை மறுபடி திறக்க சாஸ்திரம் இல்லை என்றார் ஐயர். அதனால் புதுக் கண். பிறகு சங்கத்துக்குப் புதுத் தலைவர். அவருக்கு ஒன்று. தனக்கு ஒன்றும் இல்லையே என்று பழைய டத்தோ வந்தார். இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் நான்தான் கை பிடித்தேன். வேறு ஆள் போட்டால் தகடு கிழிந்துவிடும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பொது இடத்துச் சிலைக்கு மூன்று எம்.எம். போடாதீர்கள். பன்னிரண்டு போடுங்கள். பெரிய மனிதர்களுக்குக் கை வலிக்கும். விட்டுவிடுவார்கள்.

போன வாரம் சிலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. “இது ஆயிரங்கண் சாமிதானே அண்ணே?” என்று கேட்டார்கள்.

ஆயிரம் இல்லை. எண்ணிப் பார்த்தேன்.

ஏழு.