அக்கா கேட்டது கரண்ட், நாங்கள் சொன்னது வோல்டேஜ்

மஞ்சக்குட்டையில், காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மூத்த மகளாக, மழை விடாத ஓர் ஐப்பசியில் கர்த்தர் எங்கள் அக்காவை இந்தக் குடும்பத்துக்குத் தந்தார். போன தையில் திரும்ப அழைத்துக்கொண்டார். ஏற்காட்டு மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே இயற்பியல் ஆசிரியையாகி, அப்பா போன பிறகு எங்களைப் படிக்கவைத்து, தமக்கென்று ஒரு நல்ல சேலை எடுக்காமலே கரடியூருக்கு வாழ்க்கைப்பட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அவருடைய கடைசி மழைக்காலத்தில் நாங்கள் பட்ட பயம். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நுரையீரல் இறுகும் நோய். கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். அதன் உறுமல்தான் அந்த வீட்டின் மூச்சு. பொழுது சாய்ந்து ஊரெல்லாம் மோட்டார் போடும் நேரத்தில் அது கீச்கீச்சென்று கத்தும். நாங்கள் எல்லோரும் கட்டிலருகே ஓடுவோம்.

"கரண்ட் கம்மியா வருது" என்பார் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். மலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். விளக்கு மங்கினாலும் கரண்ட் கம்மி, மோட்டார் முனகினாலும் கரண்ட் கம்மி. பெரிய ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிவந்து, மெஷினையும் குளிருக்கு வைத்த ஹீட்டரையும் அதிலேயே மாட்டினார். கத்தல் நின்றது. நாங்கள் நிம்மதியானோம்.

அக்கா நிம்மதியாகவில்லை. ஹீட்டரைப் போட்டதும் தலைக்கு மேலிருந்த பல்பு சுருங்குவதைப் படுத்தபடியே பார்த்திருக்கிறார். ஊரிலிருந்த வயர்மேனை வரவழைத்து, ஒயரைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரை எடுக்கச் சொன்னார்.

"கரண்ட் எவ்வளவுங்க?"

மாமா ஸ்டெபிலைசர் முகப்பில் உள்ளே வரும் அளவைப் பார்த்தார். "கம்மிதான். இருநூறு காட்டுது."

"அது வோல்டேஜுங்க. நான் கேட்டது கரண்ட்டு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "நல்லவேளை, நீங்க எங்கிட்டப் படிக்கலீங்க."

வயர்மேன் அளந்தார். மீட்டர் போர்டில் இருநூற்றிருபது வோல்ட். கட்டிலருகே இருநூறு. ஒயரில் ஓடியது எட்டு ஆம்பியர். இருபது வோல்ட் வழியிலேயே தொலைந்திருந்தது. அக்கா கண்ணை மூடினார். தொலைந்த இருபதை எட்டால் வகுத்தால் தடை இரண்டரை ஓம். வீட்டு ஒயரில் அவ்வளவு இருக்கவே கூடாது. அதே இருபதை எட்டால் பெருக்கினால் நூற்றறுபது வாட். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கரண்ட் கம்மி இல்ல கண்ணு" என்றார் என்னைப் பார்த்து. "நொம்ப ஓடுது. வோல்டேஜ் எறங்க எறங்க அந்த ஸ்டெபிலைசர் இன்னும் இழுக்குது. நூத்தறுவது வாட்டு இந்த ஊட்டுக்குள்ள எங்கயோ ஒரே எடத்துல எரியுது. போயிப் பாரு சாமி."

பரணில் காப்பி மூட்டைகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். எப்போதோ முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு. டேப் உருகி வழிந்திருந்தது. உரசிக்கொண்டிருந்த சாக்கு பழுப்பேறியிருந்தது. அதன் நேர் கீழே அக்காவின் கட்டில்.

ஹீட்டரை அணைத்தோம். சூடு ஆறிய ஒட்டு இன்னும் தளர்ந்தது. மெஷின் விட்டு விட்டு ஓடத் தொடங்கியது. மெயினை நிறுத்தாமல் தொட முடியாது என்றார் வயர்மேன். கரண்ட் போனால் மாட்டும் ஆக்சிஜன் சிலிண்டர் காலியாகி, நிரப்பச் சேலத்துக்குப் போயிருந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து ஜீப் எதுவும் ஏறவில்லை. மாமா மெயின் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்க" என்றார் அக்கா. "தானா நின்னா எப்ப வரும்னு தெரியாது. நாம நிறுத்துனா நாமளே போட்டுக்கலாமுங்க."

மாமா நிறுத்தினார். தகரத்தின் மேல் மழை மட்டும் கேட்டது. மாமாவின் கைக்குள் அக்காவின் நகங்கள் நீலமாகிக்கொண்டே வந்தன. பரணில் நான் டார்ச் பிடிக்க, "அசைக்காதீங்கண்ணா" என்று வயர்மேன் இரண்டு முறை சொல்லிவிட்டார். வெட்டினார், புது ஒயர் சேர்த்தார், திருகினார். மாமா சுவிட்சைத் தூக்கினார். மெஷின் உறுமியது. அக்காவுக்கு முன்னால் நாங்கள் மூச்சு விட்டோம்.

தை மாதத்துக் காலை ஒன்றில், உறக்கத்திலேயே அக்கா போனார். மின்சாரம் இருந்தது. வோல்டேஜ் சரியாக இருந்தது. எது நின்றுவிடுமென்று நடுங்கிக் கிடந்தோமோ, அது குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் நின்றோம். மாமாதான் நிறுத்தினார்.

மலையேறி வந்து பார்த்த மருத்துவருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சபைச் சகோதரிகளுக்கும், கூப்பிடாமலே வந்து ஒயரைத் தொட்டுப் பார்த்துப்போன வயர்மேனுக்கும் எங்கள் வணக்கம். ஒட்டு மாற்றிய நாளிலிருந்து அந்த மழைக்காலம் முடியும்வரை, யாரும் கேளாமலே, பொழுது சாய்ந்ததும் மோட்டார் போடாமல் இருந்த கரடியூர் வீடுகளுக்கு எப்படி நன்றி சொல்வது? சில வீடுகளில் இன்னமும் போடத் தயங்குவதாக மாமா சொல்கிறார்.

இனிப் போடுங்க.