சென்ட் ஆனது, சேரவில்லை

போன வருடம், துர்கா பூஜைக்கு ஒன்றரை மாதம் இருக்கும். காளிகாட்டில் என் சின்ன ஆபீஸில் நடந்தது. சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டுக்குப் போகும் வங்காளிக் குடும்பங்களுக்காக மருத்துவமனைக்கு மெயில் போடுவதும், ஃபோனில் தமிழ் பேசித் தேதி வாங்குவதும் என் வேலை. கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நோண்டி நோண்டிக் கற்றதுதான். ஆபீஸ் பெயரிலேயே மெயில் முகவரி வாங்கி நானே அமைத்ததில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கீழ் வீட்டில் ஒரு பௌதி. அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்; அவர் என்னைத் தீதி, அதாவது அக்கா என்பார். அவர் கணவருக்கு வயிற்றில் கட்டி. ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பினால் டாக்டர் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி தருவார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அன்றே அனுப்பினேன். பதில் இல்லை. இன்னும் இரண்டு தடவை அனுப்பினேன். அதற்கும் இல்லை. தினமும் காலையில் பௌதி படியில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் மருத்துவமனைக்காரர்களைத் திட்டித் தீர்ப்பேன்.

மூன்றாவது வாரம் ஃபோன் போட்டுக் கத்தினேன். எடுத்த பெண் பொறுமையாகத் தேடிவிட்டு, "ஒண்ணுமே வரலைங்க மேடம். வேற ஐடில இருந்து அனுப்பிப் பாருங்களேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் முகவரிக்கு என்ன குறைச்சல்? சென்ட் என்று இங்கே காட்டுகிறதே! ஃபோனை வைத்துவிட்டேன்.

ஆனாலும் மனசு அரித்தது. என்னுடைய இன்னொரு இலவச முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். ஸ்பாமில் போய் விழுந்தது.

மெயில் சேவை தரும் கம்பெனியைக் கேட்டேன். எங்கள் பக்கம் எல்லாம் சரி, முகவரியில் வரும் ஆபீஸ் பெயரை, அதாவது டொமைனை, விற்றவரைக் கேளுங்கள் என்றார்கள். அவர்களோ, மெயில்காரரைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு நாள் என்னைப் பந்தாக உதைத்தார்கள். ஒரு மனிதர் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார் என்று சொன்னேன். "புகார் டிக்கெட் போட்டாச்சு மேடம்" என்பதே பதில்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். நம் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று டொமைனின் பதிவில் ஒரு வரி இருக்கும். எஸ்பிஎஃப் என்பார்கள். அது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு இருந்தன. ஆறு மாதம் முன்பு மெயில் கம்பெனி மாற்றியபோது புது வரியைச் சேர்த்தவள், பழையதும் இருக்கட்டுமே, ஒரு பாதுகாப்புக்கு என்று விட்டிருக்கிறேன். இத்தனை நாள் மற்றவர்களுக்கு ஃபோனிலேயே தேதி கிடைத்துவிட்டதால் தெரியவில்லை. இரண்டு இருந்தால் மெயில் போய்ச் சேரும் இடத்து இயந்திரம் இரண்டையுமே நம்புவதில்லையாம். பழையதை அழிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. அதே பதிவைத் திறந்து பார்த்த இரண்டு கம்பெனிக்காரர்களுக்கும் இது கண்ணில் படவில்லையா? மெயிலைத் தூக்கிப் போட்ட இயந்திரம், போட்டுவிட்டேன் என்று ஒரு வரி சொல்லக் கூடாதா? ஒரு தபால்காரர் இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

மாலையில் மறுபடி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. பூஜைக்கு முன்னால் இருந்த தேதிகளெல்லாம் போய்விட்டன. பூஜை முடிந்துதான் கிடைத்தது.

பௌதியிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. வங்க மொழியில் மெதுவாகக் கேட்டார்: "மூணு வாரமா அவங்களைத் திட்டினீங்களே தீதி, ஒரு நாளாவது உங்க மெயில் சரியா போகுதான்னு பாத்திருக்கக் கூடாதா?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதும் பௌதி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தக் கம்பெனிகள் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒவ்வொரு மெயில் போட்டதும் ஃபோனை எடுத்து, "வந்துச்சுங்களா?" என்று நான் கேட்கும்போது, எனக்கு முதலில் கேட்பது பௌதியின் அந்தக் குரல்தான்.