போர்ட்டுக்கு வைத்த பொட்டு

1. கள்ளக்குறிச்சியில் சித்தி நடத்தும் எம்பிராய்டரி கடைக்கு பிராட்பேண்ட் இணைப்பு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

2. என் போனில் இணையம் வந்தது. லேப்டாப்பிலும் வந்தது.

3. எம்பிராய்டரி மெஷினை ஓட்டும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் வரவில்லை.

4. கேபிளை மாற்றினேன். நெட்வொர்க் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். மூன்றையும் இன்னொரு முறை செய்தேன்.

5. வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த டெய்லர் அக்கா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மறுபடியும் கேட்டார்.

வரிசை போட்டு யோசித்தால் எனக்குப் பதற்றம் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை.

அந்த அக்காவுக்கு மலையில் சின்னதாக ஒரு தையல் கடை. பக்கத்துப் பள்ளி ஒன்று தன் சின்னத்தை மாற்றியிருந்தது. சீருடை தைக்கும் வேலையை அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் புதுச் சின்னம் சட்டைப் பையில் எப்படி விழுகிறது என்று மறுநாள் காலையில் ஒரு மாதிரி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை கீழே இருக்கும் பெரிய கடைக்குப் போய்விடும். திருப்பூரில் ஒருவர் சின்னத்துக்கான டிசைனைத் தயார் செய்து என் மெயிலுக்கு அனுப்பிவிட்டார். அது என் லேப்டாப்பில் இருந்தது. அங்கிருந்து அந்தப் பழைய கணினிக்கு ஒரு கை தூரம்.

பென்டிரைவில் போட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். போன வருஷம் யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, சித்தி சேர்த்து வைத்திருந்த டிசைன்கள் எல்லாம் போய்விட்டன. அன்றிலிருந்து சித்திக்கு பென்டிரைவ் என்றாலே எச்சில்.

“ஊர்ல கீற மெஷின்லலாம் வாய வெச்சிட்டு வருது. அத்த எடுத்தாந்து என் மெஷின்ல வெப்பியா?” என்பார்.

சொன்னதோடு நிற்கவில்லை. குழாய் ஒழுகினால் பூசும் பசையைக் குழைத்து எல்லா யூஎஸ்பி துளைகளையும் அடைத்துவிட்டார். எம்பிராய்டரி சாஃப்ட்வேர் திறக்க, பென்டிரைவ் போலவே இருக்கும் ஒரு பூட்டுச்சாவி எப்போதும் ஒரு துளையில் செருகியே இருக்க வேண்டும். யாரும் பிடுங்கக் கூடாதென்று அதையும் சேர்த்தே ஒட்டிவிட்டார். சிடி டிரைவ் எப்போதோ செத்துப்போனது. புது விண்டோஸ் போட்டால் அந்த சாஃப்ட்வேர் ஓடாது. ஒயரில் வருவது சுத்தமானது என்று நம்பித்தான் பிராட்பேண்டே வாங்கினார்.

“இன்னா பாப்பா, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலைன்னாங்க. ஒரு ஒயரு சொருவ இவ்ளோ நேரமா?” என்றார் டெய்லர் அக்கா.

“நீ சும்மா இரு. அவ யோசிச்சிக்கினு கீறா. யோசிச்சா அவளுக்குக் காலு ஆடும், பாரு” என்றார் சித்தி.

ஆடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தினேன். மறுபடி ஆடியது.

நெட்வொர்க் கேபிள் செருகப்படவில்லை என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. செருகியிருந்தேன். கிளிக் என்ற சத்தம்கூடக் கேட்டது. டிரைவரை மூன்றாம் முறை அழிக்கப் போனபோதுதான் ஒன்று உறைத்தது. கணினி மேசைக்கடியில் ஒரு மரப்பெட்டிக்குள், முதுகு சுவரைப் பார்த்தபடி இருந்தது. ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் தடவித்தான் செருகியிருந்தேன். அந்தத் துளையை நான் கண்ணால் பார்க்கவே இல்லை.

மூன்று பேருமாக மேசையை இழுத்தோம். போன் டார்ச்சை அடித்தேன். போர்ட்டுக்குள் வரிசையாக மெல்லிய தங்கநிறக் கம்பிகள் தெரிய வேண்டும். மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. நடுவில் சிவப்பு.

“சித்தி, இது இன்னாது?”

குனிந்து பார்த்தார். “சந்தனம்.”

“உள்ள எப்டிப் போச்சு?”

“ஆயுத பூசைக்கு வெச்சதுதான். எல்லாத்துலயும் எதுனா ஒண்ணு சொருவியிருந்துச்சி. இது மட்டும் வாயத் தெறந்துக்கினு இருந்துச்சி. பாவமா இருக்கேன்னு கொஞ்சம் ஜாஸ்தியாவே வெச்சேன்.”

“இந்த வருசமா?”

“வருசா வருசம்தான்.”

டெய்லர் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார். “பசை போட்டு அடச்சது பத்தாதுன்னு சாமி பேர்லயும் அடச்சிட்டியாக்கா!”

கணினியை அணைத்தேன். துணியில் எண்ணெய்க் கறை எடுக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஊற வைத்து, எம்பிராய்டரி ஊசியால் கம்பிக்குக் கம்பி சுரண்டினேன். சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மறுபடி இயக்கியதும் போர்ட்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அதோடு முடியவில்லை. மெயில் பக்கம் திறக்க மறுத்தது. கணினியின் உள்பேட்டரி தீர்ந்து, நான் பள்ளியில் சேர்வதற்கு முந்தைய ஒரு வருஷத்தைத் தேதி காட்டிக்கொண்டிருந்தது. திருத்தினேன். அப்போதும் திறக்கவில்லை. இன்றைய பாதுகாப்பு முறைகள் அந்த எக்ஸ்பிக்குத் தெரியாது. வேறொரு பிரவுசரை எங்கிருந்து எடுப்பது, அதை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று மனம் ஓடிற்று. டெய்லர் அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், தவறான வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. இந்தக் கணினி இணையத்துக்குப் போக வேண்டியதே இல்லை. அந்த ஒரு கை தூரத்தைக் கடந்தால் போதும். இதுவும் என் லேப்டாப்பும் இப்போது ஒரே ரூட்டரில் இருந்தன. லேப்டாப்பில், கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன சர்வரை ஓடவிட்டு, அதன் முகவரியை எக்ஸ்பியில் தட்டினேன். டிசைனின் பெயர் நீல எழுத்தில் வந்தது. அழுத்தினேன். இறங்கியது.

சித்தி துணியை வளையத்தில் இறுக்கி மெஷினில் மாட்டினார். சின்னத்தின் ஓரம் விழுந்தது, பிறகு மலை, பிறகு எழுத்து. கடைசி நூலை டெய்லர் அக்கா பல்லால் கடித்தே அறுத்துவிட்டார். ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளிமலை பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கையைக் காட்டிக்கொண்டே ஓடி ஏறினார்.

இப்போதைய நிலை இது. சீருடை வேலை அந்த அக்காவுக்கே கிடைத்துவிட்டது. டிசைன்களை இறக்கிக்கொள்ள என் இன்னொரு லேப்டாப்பைச் சித்தியிடம் விட்டு வந்திருக்கிறேன். பழைய கணினி ரூட்டரோடு இணைந்திருக்கிறது, ஆனால் வெளியே போக முடியாதபடி தடுத்து வைத்திருக்கிறேன். நெட் வந்துவிட்டதாகத்தான் சித்தி எல்லோரிடமும் சொல்கிறார். உள்பேட்டரியை இன்னும் மாற்றவில்லை. கரண்ட் போய் வந்தால் தேதி பின்னால் போய்விடுகிறது. அடுத்த ஆயுத பூசைக்கு அந்தப் போர்ட் வாயைத் திறந்துகொண்டிருக்காது. கேபிள் இருக்கிறது.