பெங்களூர்க்காரர் பெயர் தரவில்லை

மாதர் சங்கத்துத் தோழிகளே, அறிவிப்புப் பலகையில் இதை இன்றே ஒட்டிவிடுகிறேன்.

பெங்களூரின் பெயர்பெற்ற சிற்றுண்டிச்சாலைக்கு இங்கே மைசூரில் கிளை திறக்க, என் கான்வென்ட் ஆங்கிலத்தில் நானே அதன் முதலாளிக்கு எழுதி அனுமதி கேட்டிருந்தேன். அந்தப் பெயர் இல்லாமல் ஒரு விதவையின் கடைக்கு யார் வருவார்கள் என்ற பயம்.

ருசி பார்க்க முதலாளியே இன்று காலை ஜட்காவில் வந்து இறங்கினார்.

அவர்கள் சாம்பாரின் புகழே சின்ன வெங்காயம்தான். மேலுக்கோட்டை ஐயங்கார் குடும்பமான எங்கள் அடுப்பில் அது ஏறியதில்லை. அவர் சொன்ன பக்குவத்தில் அதை மட்டும் விட்டுவிட்டுப் பரிமாறினேன்.

முதல் வாயிலேயே நிமிர்ந்தார். "வெங்காயம் எங்கேம்மா?"

"எங்காத்துல சேர்க்கிறதில்லை."

மறுபடியும் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்து, "சென்னாகிதெ, ரொம்ப நன்னாயிருக்கு. ஆனா இது நம்ம சாம்பார் இல்லை. என் பேரைத் தரமாட்டேன்" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உங்க பேரையே போடுங்கோம்மா. ஜனங்க புகழ்ந்தா அது உங்களுக்குன்னா வந்து சேரணும். இட்லிப் பானையெல்லாம் நான் அனுப்பறேன்."

அந்த நல்ல மனிதரைக் கைகூப்பி வழியனுப்பினேன்.

கடை வாசலில் பெண்பிள்ளை பெயரா என்று மைத்துனர் முகம் சுளிக்கிறார். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். என் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.